கழிமுக மீனில் எவ்வளவு நஞ்சு? வலையிலிருந்து கணக்கு வரை

ஒரே கழிமுகம், ஒரே நாள், ஒரே மீன். தோலோடும் வயிற்றுச் சதையோடும் அரைத்தால் பி.சி.பி. (ஒரு காலத்தில் மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட, எளிதில் அழியாத குளோரின் நஞ்சு) ஒரு எண். தோலை உரித்து முதுகுச் சதையை மட்டும் அரைத்தால் அதைவிட வெகுவாகக் குறைந்த வேறோர் எண். இரண்டு முறையும் கருவி சரியாகத்தான் சொல்கிறது. கழிமுக மீன் ஆய்வில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி வலையிலும் கத்தியிலும் பனிப்பெட்டியிலுமே பிறந்துவிடுகிறது. கருவி அறைக்குள் நுழையும்போது அதைத் திருத்தும் வாய்ப்பு போய்விட்டிருக்கும். ஆகவே இங்கே கருவியைவிடக் கத்திக்கு அதிக இடம்.

கேள்வியை எழுதிவைத்த பிறகே வலையைத் தொடுங்கள்

இந்த வேலையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. இந்த மீனைச் சாப்பிடலாமா? மீனைத் தின்னும் பறவைக்கும் நீர்நாய்க்கும் ஆபத்து உண்டா? கழிவு எங்கிருந்து வருகிறது, ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா?

முதல் கேள்விக்கு, மக்கள் உண்ணும் பாகத்தை அவர்கள் உண்ணும் விதத்திலேயே எடுக்க வேண்டும். தோலோடு உண்பவர்களுக்குத் தோலோடு, முள்ளோடு கடித்துத் தின்னும் சிறு மீனென்றால் முள்ளோடு. இரண்டாவதற்கு முழு மீன், குடல் உட்பட. பறவை குடலை நீக்கிவிட்டு விழுங்குவதில்லை. மூன்றாவதற்கு, இடம் பெயராத சிறு மீன், ஆண்டுதோறும் அதே மாதம், அதே அளவு.

ஒரு மாதிரியை வைத்து மூன்றுக்கும் பதில் சொல்ல முயன்றால் மூன்றும் கெடும். அடிக்கடி நடக்கும் தவறு, முழு மீனில் அளந்த ஈயத்தை உண்ணும் சதைக்கான உணவு வரம்போடு ஒப்பிட்டுப் பதறுவது. மடவை போன்ற மீன் சேற்றையும் மட்குகளையும் மேய்வது. அதன் குடலில் மண் நிறைந்திருக்கும். முழு மீனாக அரைத்தால் நீங்கள் அளப்பது பாதி மீன், பாதி ஆற்றுச் சேறு.

எந்த நஞ்சு உடலில் எங்கே தங்கும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தி எடுப்பதில் பயனில்லை.

பாதரசம் கழிமுகச் சேற்றில் உருமாறுகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்குகின்றன. கடல்நீர் கலப்பதால் கழிமுகத்தில் சல்பேட்டுக்குக் குறைவில்லை. மெத்தில் பாதரசம் புரதத்திலுள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது, கொழுப்போடு அல்ல. ஆகவே அது சதையில் தங்குகிறது. தோலை நீக்கினாலும் வயிற்றுப் பகுதியை வெட்டி எறிந்தாலும் குறையாது. பிற மீனைத் தின்னும் மீன்களின் சதையில் உள்ள பாதரசத்தில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் மெத்தில் வடிவம்தான். அதனால்தான் செலவு குறைந்த மொத்தப் பாதரச அளவையே மெத்தில் அளவாகக் கொள்கிறோம். சேறு மேயும் மீனில் இந்தப் பங்கு குறைவாக இருக்கலாம். அங்கே சில மாதிரிகளையாவது மெத்தில் பாதரசத்துக்கெனத் தனியாகச் சோதியுங்கள். ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை ஒரு அசிட்டால்டிஹைடு ஆலையின் கழிவுநீர் வழியே கடலில் கலந்த மெத்தில் பாதரசம், மீன், சிப்பி வழியாகத்தான் மனிதர்களை அடைந்தது. நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்ட ஆண்டு 1956.

பி.சி.பி., டி.டி.டி., டயாக்சின் ஆகியவை கொழுப்பை நாடுபவை. தோலுக்கு அடியில், வயிற்று மடிப்பில், முதுகுத்துடுப்பின் அடியில், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையில், கல்லீரலில், சினையில் சேரும். பி.சி.பி. என்பது ஒரே பொருளன்று, 209 சேர்மங்களின் குடும்பம். எத்தனை சேர்மங்களைக் கூட்டி வந்தது என்று சொல்லாத "மொத்த பி.சி.பி." எண்ணை வேறு ஆய்வின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஆறு சேர்மங்களின் கூட்டலும் நூற்றுச் சொச்சம் சேர்மங்களின் கூட்டலும் எப்படி ஒன்றாகும்?

காட்மியம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தேங்கும், சதையில் மிகக் குறைவு. ஈயம் எலும்பிலும் செதிலிலும் செவுளிலும். செம்பையும் துத்தநாகத்தையும் மீனின் உடல் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். ஆற்றில் அவை பல மடங்கு ஏறினாலும் சதையில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். "சதையில் செம்பு சாதாரணம், ஆகவே ஆறு சுத்தம்" என்ற வாதத்தைக் கண்டால் அறிக்கையை மூடிவைத்துவிடலாம்.

ஆர்செனிக்கில் வேறு வகை ஏமாற்றம். உப்புநீர் மீனில் மொத்த ஆர்செனிக் கிலோவுக்குச் சில மில்லிகிராம் வருவது இயல்பே. அதில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டெய்ன், நஞ்சாகக் கருதப்படாத வடிவம். கனிம ஆர்செனிக்கைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அந்த எண்ணைப் பேசவே வேண்டாம்.

எண்ணெய்க் கசிவிலும் எரிபுகையிலும் வரும் பி.ஏ.ஹெச். சேர்மங்களை மீனின் கல்லீரல் சிதைத்துப் பித்தத்தில் வெளியேற்றிவிடும். சதையில் தேடி "இல்லை" என்று எழுதினால் அதற்கு அர்த்தமில்லை. பித்தநீரில் சிதைபொருள்களைத் தேட வேண்டும், அல்லது மீனை விட்டுவிட்டுச் சிப்பியை எடுக்க வேண்டும். சிப்பிக்கு அந்தச் சிதைக்கும் திறன் குறைவு.

பி.எஃப்.ஓ.எஸ். போன்ற புளோரின் சேர்மங்கள் நீண்ட ஆயுள் கொண்டவை, ஆனால் கொழுப்பை நாடுவதில்லை. இரத்தத்திலும் கல்லீரலிலும் உள்ள புரதத்தோடு இணையும். கொழுப்பு நீக்கும் தந்திரம் இங்கே எடுபடாது. மீன் பிடிப்பவரின் நீர்புகா மேலாடை, ஒட்டாப் பூச்சுள்ள பாத்திரம் போன்றவையே மாதிரியைக் கெடுக்கக்கூடும்.

மீனின் தோற்றத்தை நம்ப வேண்டாம். வட அமெரிக்க அட்லாண்டிக் கரையில் கில்லிஃபிஷ் எனும் விரலளவுச் சிறு மீன், நியூ பெட்ஃபோர்டு துறைமுகம், நியூவார்க் விரிகுடா, எலிசபெத் ஆறு போன்ற கடுமையாகக் கெட்ட கழிமுகங்களில் சாதாரணமாகக் குஞ்சு பொரித்து வாழ்கிறது. சுத்தமான நீரில் வளரும் அதே இனத்தின் கருக்கள் அந்த அளவு நஞ்சில் உருக்குலைந்துவிடும். பல தலைமுறைத் தேர்வில் டயாக்சின் வகை நஞ்சை உணரும் பாதையே மந்தமாகிவிட்ட மீன் அது. மீன் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் நஞ்சைச் சுமந்தபடி. அதைத் தின்னும் பெரிய மீனுக்கு அந்தத் தாங்குதிறன் கிடைப்பதில்லை, சுமை மட்டும் கிடைக்கிறது.

எங்கே, எப்போது

கழிமுகம் ஓடும் ஆறுமன்று, கடலுமன்று. ஆற்றுநீர் முதன்முதலில் உப்பைத் தொடும் இடத்தில், அதாவது ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு உப்பு இருக்கும் பகுதியில், நீரில் மிதந்துவரும் நுண்களி ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அங்கேதான் கலங்கல் அதிகம், நஞ்சு ஒட்டிய வண்டலும் அங்கேதான் சேரும். கடல் பக்கம் போகப் போகக் கதை மாறும். உப்பு ஏறும்போது குளோரைடு காட்மியத்தைத் துகளிலிருந்து பிரித்து நீரில் கரைக்கும். ஆகவே "கழிமுகம்" என்று ஒரே பெயரிட்டு ஓரிடத்தில் எடுத்த மாதிரி, இன்னோரிடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

குறைந்தது மூன்று நிலையங்கள் வையுங்கள். நன்னீர் முடியும் இடம், கலங்கல் மிகுந்த நடுப்பகுதி, முகவாய். கூடவே, கழிவு வராத வேறொரு கழிமுகத்தில் ஒப்பீட்டு நிலையம் ஒன்று. ஒவ்வொரு நிலையத்திலும் உப்புத்தன்மையை மேற்பரப்பிலும் தரைக்கு அரை மீட்டர் மேலும் அளக்க வேண்டும். உப்புநீர் கனமானது, அடியில் ஆப்புபோல் ஆற்றுக்குள் நுழைந்திருக்கும். மேலே நன்னீர் மீன், கீழே உப்புநீர் மீன் என ஒரே இடத்தில் இரு உலகங்கள் இருக்கலாம். ஓதம் ஏறுகிறதா வடிகிறதா என்பதையும் நேரத்தோடு குறித்துவிடுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, இனப்பெருக்கத்துக்குச் சற்று முன் மீனில் கொழுப்பு உச்சத்தில் இருக்கும். கொழுப்பு நாடும் நஞ்சின் மோசமான நிலையைப் பார்க்க அதுவே காலம். முட்டையிட்ட பெண் மீன் தன் நஞ்சில் ஒரு பங்கைச் சினையோடு வெளியேற்றிவிட்டிருக்கும். எந்தப் பருவத்தைத் தேர்ந்தாலும் அடுத்த ஆண்டு அதே பருவத்துக்கே திரும்பி வாருங்கள். தூர்வாரும் பணி நடந்த பிறகோ பெருவெள்ளம் வந்த பிறகோ எடுத்த மாதிரியைத் தனியாக அடையாளமிட்டு வையுங்கள். புதைந்த பழைய சேறு கிளறப்பட்டிருக்கும்.

மீனைத் தேர்வது

ஒரு நிலையத்துக்கு இரண்டு இனம் போதும், சரியான இரண்டாக இருந்தால். ஒன்று தரையை ஒட்டி வாழ்வது, உளுவை, நாக்கு மீன் போல. இன்னொன்று பிற மீனைத் தின்பது. முதலாவது சேற்றின் கதையைச் சொல்லும், இரண்டாவது உணவுச்சங்கிலியின் மேல்படியைக் காட்டும். மடவை எங்கும் கிடைக்கும், எல்லோரும் உண்பது. ஆனால் முட்டையிடக் கடலுக்குப் போய்வருவது. போன வாரம் எங்கே இருந்தது என்று அதற்குத்தான் தெரியும். உண்ணத் தகுமா என்ற கேள்விக்கு மடவை நல்ல மீன், கழிவின் மூலத்தைத் தேட நல்ல மீனன்று. விலாங்கு முட்டையிடக் கடலுக்குப் போகுமுன் பல ஆண்டுகள் ஆற்றிலும் கழிமுகத்திலும் கழிக்கிறது, கொழுப்பும் அதிகம். பி.சி.பி. தேட அது பொருத்தம். ஐரோப்பிய ஒன்றியம் ஆறு பி.சி.பி. சேர்மங்களின் கூட்டுக்குப் பொதுவான மீன் சதையில் கிராமுக்கு 75 நானோகிராம் என்றும், இயற்கை நீரில் பிடித்த விலாங்குக்கு மட்டும் 300 என்றும் வரம்பு வைத்திருக்கிறது. விலாங்கு எவ்வளவு சுமக்கக்கூடியது என்பது இந்த இரு எண்களிலேயே தெரிகிறது.

அளவு மிக முக்கியம். பாதரசம் வயதோடு ஏறும். 40 செ.மீ. மீனையும் 20 செ.மீ. மீனையும் கலந்து எடுத்த சராசரிக்குப் பொருளில்லை. பல மீன்களைச் சேர்த்து ஒரே கூட்டு மாதிரி செய்வதாக இருந்தால், கூட்டத்தில் சிறிய மீனின் நீளம் பெரியதன் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டல். பெரியது 40 செ.மீ. என்றால் சிறியது 30. ஒரு கூட்டு மாதிரிக்கு 3 முதல் 10 மீன், அரைத்தபின் சுமார் 200 கிராம் கூழ் மிஞ்ச வேண்டும்.

பி.சி.பி., டயாக்சின் சோதனைகள் விலை கூடியவை. அவற்றுக்கு ஐந்தைந்து மீனாகச் சேர்த்து நிலையத்துக்கு மூன்று கூட்டு மாதிரிகளாவது வையுங்கள். ஒன்றே ஒன்று எடுத்தால் எண் கிடைக்கும், அதன் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரியாது. பாதரசத்துக்குச் செலவு குறைவு, ஆகவே ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகவே அளந்துவிடலாம். 12 முதல் 15 மீன் இருந்தால் நீளத்துக்கு எதிரான கோடு வரையலாம். பின்னால் வரும் ஒப்பீடெல்லாம் அந்தக் கோட்டை நம்பித்தான்.

பிடித்தது முதல் பனிப்பெட்டி வரை

படகிலேயே குடலை எடுக்க வேண்டாம். பித்தப்பை கிழிந்து சதையில் வழிந்தால் அந்த மீன் போயிற்று. படகின் எஞ்சின் பக்கம் மீனை வைக்காதீர்கள். எரிபொருள் துளி ஒன்று போதும், பி.ஏ.ஹெச். எண் தலைகீழாகிவிடும். நிலையத்தின் நீரிலேயே அலசுங்கள். முழு நீளம் மில்லிமீட்டரில், எடை கிராமில், புண், கட்டி, அரித்த துடுப்பு இருந்தால் அதன் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

உலோகத்துக்கென்றால் பாலிஎத்திலீன் பை. பி.சி.பி. போன்றவற்றுக்கென்றால் கரைப்பானில் கழுவிய தடித்த அலுமினியத் தாள், அதன்மேல் பை. இரண்டும் ஒரே மீனில் வேண்டுமென்றால் தாளில் சுற்றிக்கொள்ளலாம். அலுமினியத்தை மட்டும் அளக்க முடியாது. சீட்டை இரண்டு பைகளுக்கு நடுவில் வையுங்கள், பென்சிலால் எழுதியதாக. பேனா மை ஈரத்தில் கரையும், முதல் பைக்குள் போட்டால் மீனையும் தொடும்.

பனிக்கட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அறுத்துவிடுவது நல்லது. முடியாதென்றால் முழு மீனாக -20 டிகிரி செல்சியஸில் உறையவையுங்கள். உறையும்போது உள்ளுறுப்புகள் வெடிக்கக்கூடும், உருகும்போது அந்தச் சாறு சதைக்குள் இறங்கும். ஆகவே உறைந்த மீனை முழுவதுமாக உருகவிடாமல், கத்தி இறங்கும் அளவுக்கு இளகியதுமே அறுக்க வேண்டும்.

கத்தி

உலோகச் சோதனைக்குப் பீங்கான் அல்லது டைட்டானியம் கத்தி. துருப்பிடிக்காத எஃகில் நிக்கலும் குரோமியமும் உண்டு. எஃகுக் கத்தியால் அறுத்துவிட்டு நிக்கல் கண்டதாக எழுதிய அறிக்கை கத்தியைப் பற்றியதாகவும் இருக்கலாம். அறுக்கும் பலகை டெஃப்லான் அல்லது பாலிஎத்திலீன், மரப்பலகை கூடவே கூடாது. கையுறை தூளில்லாத நைட்ரைல்; தூளிட்ட கையுறையில் துத்தநாகம் இருக்கும்.

உளுவைக்கும் மடவைக்கும் பொதுவான வரிசை:

1. செதிலைச் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, துடையுங்கள். வழவழப்பான கோழையில் சேற்றுத்துகள் ஒட்டியிருக்கும். அது போகாமல் அறுத்தால் கத்தி அதைச் சதைக்குள் இழுத்துச் செல்லும்.
2. கையுறையை மாற்றுங்கள். செதில் எடுத்த கத்தியை அப்படியே சதையில் வைக்க வேண்டாம், இன்னொரு கத்தி.
3. செவுள் மூடிக்குப் பின்னால் மேலிருந்து கீழாக முதுகெலும்பு தட்டுப்படும்வரை வெட்டுங்கள். பிறகு முதுகோரமாக வால்வரை. கத்திமுனை விலாவுக்கு உள்ளே இறங்கிக் குடலைத் தொடாமல் மேல்நோக்கிச் சாய்ந்தே இருக்கட்டும்.
4. குடல் கிழிந்துவிட்டால் மறைக்காதீர்கள். அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு மறுபக்கச் சதையை எடுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள்.
5. வயிற்று மடிப்பும் கருஞ்சதையும் சேர்ந்ததா இல்லையா என்பதை எல்லா மீனுக்கும் ஒரே விதமாக முடிவுசெய்து, முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பி.சி.பி. எண்ணை வேறெதையும்விட அதிகமாக மாற்றுவது இந்த ஒரு முடிவுதான்.
6. கல்லீரல் வேண்டுமென்றால் சதை எடுத்து முடித்தபிறகே வயிற்றைத் திறவுங்கள். கல்லீரல் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் அதன் பங்கு வழக்கத்தைவிட வீங்கியிருந்தால் அதுவே ஒரு தகவல்.
7. மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து உலர்த்தி வையுங்கள். வயதை அதன் வளையங்கள் சொல்லும்.

கூட்டு மாதிரிக்கு ஒவ்வொரு மீனிலிருந்தும் சம எடை சதை எடுங்கள். முழுத்துண்டுகளை அப்படியே கொட்டினால் பெரிய மீன் எண்ணைத் தன்பக்கம் இழுத்துவிடும்.

அரைப்பதில் பொறுமை வேண்டும். அரைத்து, கிளறி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து, மறுபடியும் அரையுங்கள். மூன்று சுற்று. விரலிடுக்கில் தேய்த்தால் நாரோ தோல்துண்டோ தட்டுப்படாத கூழாக வேண்டும். தோல் சரியாக அரைபடாத கூழில் அரை கிராம் எடுத்தால், ஒரு தடவை தோல் வரும், அடுத்த தடவை வராது. பிரதி மாதிரிகள் ஒத்துப்போகாததற்கு அடிக்கடி காரணம் அதுதான். கருவியைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் கூழைப் பாருங்கள்.

ஈரம், கொழுப்பு

ஒவ்வொரு கூழிலும் இரண்டு துணை அளவுகள் கட்டாயம். சுமார் 5 கிராமை 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை காயவைத்து ஈரத்தைக் கணக்கிடுங்கள். அந்தக் காய்ந்த பங்கை எறிந்துவிடுங்கள். சூட்டில் பாதரசம் ஓரளவு பறந்துவிடக்கூடும், சோதனைக்குப் போகும் பங்கு ஈரமாகவோ உறைநிலையில் உலர்த்தியதாகவோ இருக்கட்டும்.

மீன் சதையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். உலர் எடையில் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் பாதரசம், ஈரம் 78 சதவீதம் என்றால், ஈர எடையில் 1.2 × 0.22 = 0.264 மில்லிகிராம். உணவு வரம்புகள் எல்லாம் ஈர எடையில். உலர் எண்ணை அப்படியே வரம்போடு ஒப்பிட்டால் நான்கைந்து மடங்கு மிகையாகிவிடும். எடை எது என்று சொல்லாத அறிக்கைகள் இன்றும் வருகின்றன.

கொழுப்புச் சதவீதம் எந்தக் கரைப்பானில் பிரித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கொழுப்புக் குறைந்த மீனில் குளோரோபாம்–மெத்தனால் கலவை தரும் எண், ஹெக்சேன் தருவதைவிடக் கூடுதலாக வரும். எந்த முறையானாலும் எல்லா ஆண்டும் அதே முறை.

ஆய்வகத்தில்

உலோகங்களுக்கு 0.5 கிராம் ஈரக்கூழ், 5 மி.லி. தூய அடர் நைட்ரிக் அமிலம். புகைக்கூண்டுக்குள் அரை மணி நேரம் திறந்தே வைத்து நுரை அடங்கவிடுங்கள். பிறகு 1 முதல் 2 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடு, மூடிய கலத்தில் மைக்ரோவேவ், 180 முதல் 200 டிகிரி, 15 முதல் 20 நிமிடம். ஆறாமல் திறந்தால் பாதரசம் ஆவியாகப் போகும், பழுப்பு வாயு உங்கள் மூக்கைத் தேடி வரும். பாதரசம் மட்டும் வேண்டுமென்றால் கரைக்கவே வேண்டாம்; கூழை எரித்து, எழும் பாதரசத்தைத் தங்கத்தில் பிடித்து அளக்கும் நேரடிக் கருவி 50 முதல் 100 மில்லிகிராம் கூழிலேயே எண் தரும். இதில் ஒரு தொல்லை உண்டு: அதிகப் பாதரசமுள்ள மாதிரி ஓடியபின் மிச்சம் அடுத்த மாதிரியில் தலைகாட்டும். உயர்ந்த எண் ஒன்று வந்ததும், மாதிரி எதுவும் வைக்காமல் ஒரு வெற்றோட்டம் விடுங்கள்.

நிறைமாலை முறையில் (அணுக்களை அவற்றின் நிறையால் பிரித்து எண்ணும் முறை) ஆர்செனிக் அளக்கும்போது கழிமுக மீனின் உப்பு தொந்தரவு செய்யும். கருவியில் ஓடும் ஆர்கான் 40, உப்பிலுள்ள குளோரின் 35, இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. ஆர்செனிக்கின் நிறையும் 75. இந்தப் போலியை வடிகட்டும் ஹீலியம் மோதல் கலம் இயக்கத்தில் இருந்ததா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள்.

20 மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரி, ஒரு பிரதி, அளவு தெரிந்து சேர்த்த ஒரு மாதிரி, சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள் (நஞ்சின் அளவு முன்பே உறுதிசெய்யப்பட்டது) ஒன்று. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் மீன் புரதத்துக்கு டார்ம், கல்லீரலுக்கு டால்ட் என்ற பெயர்களில் தருகிறது. மீட்பு, அதாவது தெரிந்த அளவில் எவ்வளவு பங்கைக் கருவி திரும்பக் காட்டியது என்பது, 80 முதல் 120 சதவீதத்துக்குள் இல்லையென்றால் அந்தத் தொகுதி மறுபடி. இந்த நான்கின் எண்களையும் அறிக்கையோடு கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் ஆய்வகத்துக்கு அடுத்த முறை போகாதீர்கள்.

எண் வந்தபின்

"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கண்டறியும் வரம்பு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வரம்பு 0.5, நீங்கள் ஒப்பிட நினைப்பது 0.3 என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. அந்த இடங்களில் பூச்சியம் இட்டுச் சராசரி எடுக்கவும் வேண்டாம்; ஒரு முறை பூச்சியமாகவும் ஒரு முறை முழு வரம்பாகவும் வைத்துக் கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுங்கள்.

இரண்டு நிலையங்களின் பாதரசத்தை ஒப்பிட, மீன்களின் நீளத்தைக் கிடையச்சிலும் பாதரசத்தின் மடக்கையைச் செங்குத்திலும் வைத்து நிலையத்துக்கொரு கோடு வரையுங்கள். பிறகு ஒரே நீளத்தில், 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், இரு கோடுகளையும் படியுங்கள். மேல்நிலையத்தில் சராசரி 28 செ.மீ., முகவாயில் 41 செ.மீ. மீன் கிடைத்திருந்தால், "முகவாயில் நஞ்சு அதிகம்" என்ற முடிவு வெறும் வயது வித்தியாசமாக இருக்கலாம். கோடுகள் இணையாக ஓடாவிட்டால் ஒரு நீளத்தில் மட்டும் படிப்பது ஏமாற்றும். பல நீளங்களில் படியுங்கள்.

சேற்றுக்கும் மீனுக்கும் உள்ள தொடர்புக்கு, கொழுப்பு நாடும் நஞ்சில் ஒரு பயனுள்ள விகிதம் உண்டு. சேற்றில் பி.சி.பி. உலர் கிராமுக்கு 120 நானோகிராம், சேற்றின் கரிமக் கார்பன் (உயிர்ப்பொருள் மட்கி வந்த கார்பன்; சேற்றில் இவ்வகை நஞ்சு ஒட்டுவது அதில்தான்) 3 சதவீதம் என்போம். 120 ÷ 0.03 = 4000. மீன் சதையில் 90 நானோகிராம், கொழுப்பு 1.5 சதவீதம். 90 ÷ 0.015 = 6000. 6000 ÷ 4000 = 1.5. சதையின் 90-ஐயும் சேற்றின் 120-ஐயும் நேரடியாக ஒப்பிட்டவர் "மீனில் சேறைவிடக் குறைவு" என்றிருப்பார். கொழுப்புக் கணக்கில் மீன்தான் ஒன்றரை மடங்கு மேலே. இந்த விகிதம் பாதரசத்துக்குப் பொருந்தாது, அது கொழுப்பில் இல்லையே.

உணவுச்சங்கிலியில் படிக்குப் படி ஏறுகிறதா என்று பார்க்க நைட்ரஜனின் கனமான வடிவமான நைட்ரஜன்-15 ஐசோடோப்பைப் பயன்படுத்தலாம். ஒரு படிக்குச் சராசரியாக ஆயிரத்தில் 3.4 பங்கு உயரும். ஆனால் கழிவுநீர் கலக்கும் கழிமுகத்தில் அடித்தளமே உயர்ந்திருக்கும். அதே நிலையத்துச் சிப்பியையோ நத்தையையோ அடிப்படையாக எடுக்காமல் கணக்கிட்டால், சாக்கடை வாய்க்கு அருகிலுள்ள உளுவை பெரிய வெள்ளைச் சுறாவுக்கும் மேல்படியில் போய் உட்காரும்.

எண்ணிலிருந்து தட்டுக்கு

சட்ட வரம்பும் உண்ணத்தக்க அளவும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பல மீன்களுக்குப் பாதரச வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 0.4 உள்ள மீன் அதில் தேறிவிடும். உணவு, வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூடி நடத்தும் நிபுணர் குழு 2003-ல் வைத்த மெத்தில் பாதரச அளவு வாரத்துக்கு உடல் எடை கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 மைக்ரோகிராம். 0.4 மில்லிகிராம் உள்ள மீனில் கிராமுக்கு 0.4 மைக்ரோகிராம். 96 ÷ 0.4 = 240 கிராம், ஒரு வாரத்துக்கு, வேறெந்த மீனும் உண்ணாமல். 15 கிலோ குழந்தைக்கு 60 கிராம். அமெரிக்க முகமையின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற அளவை எடுத்தால் அந்த 240 கிராம் 105 ஆகச் சுருங்கும். எந்த அளவை எடுத்தீர்கள் என்பதை அறிவிப்பிலேயே எழுதுங்கள். சட்ட வரம்பு, பல இடத்து மீனை மாறிமாறி வாங்குபவரை மனத்தில் வைத்தது. அதே கழிமுகத்தில் பிடித்து வாரத்தில் நான்கு நாள் உண்ணும் குடும்பத்துக்கு இந்தக் கணக்குத்தான் பேச வேண்டும். கருவுற்றவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தனி வரி வேண்டும். கருவின் மூளைதான் மெத்தில் பாதரசத்துக்கு மிக எளிதில் பாதிக்கப்படுவது.

சமைத்தால் பாதரசம் போகாது. 100 கிராம் பச்சைச் சதையில் 40 மைக்ரோகிராம் இருந்தால், நீர் வற்றி 75 கிராமாகிய பின்னும் அதே 40. கிராமுக்கு 0.4 என்பது 0.53 ஆகிவிடும், அவ்வளவே. பச்சை எடையில் அளந்த எண்ணைப் பச்சை எடையோடு மட்டும் பெருக்குங்கள்.

பி.சி.பி., டி.டி.டி., டயாக்சினுக்கு மட்டும் கத்தி உதவும். தோல், வயிற்று மடிப்பு, முதுகுத்துடுப்பின் அடிக் கொழுப்பு, கருஞ்சதை ஆகியவற்றை நீக்கி, சமைக்கும்போது வடியும் கொழுப்பையும் சமைத்த எண்ணெயையும் கொட்டிவிட வேண்டும். கல்லீரலும் சினையும் கெட்ட கழிமுகத்து மீனில் எந்த நஞ்சானாலும் வேண்டாம்.

அறிவிப்புப் பலகையில் "இம்மீன் ஆபத்தானது" என்று மட்டும் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். மீனின் உள்ளூர்ப் பெயர், எந்த நீளத்துக்கு மேல், யார், வாரத்துக்கு எத்தனை கிராம், எந்தப் பாகத்தை நீக்க வேண்டும் ஆகிய ஐந்தும் இருக்கட்டும்.

மிஞ்சிய கூழில் 20 கிராமைக் கழுவிய கண்ணாடிக் குப்பியில் இட்டு, தலைப்பகுதியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, -20 டிகிரியிலோ அதற்கும் கீழோ வையுங்கள். வெற்றிடம் விடாவிட்டால் உறையும்போது குப்பி வெடிக்கும். இன்று யாரும் தேடாத ஒரு சேர்மத்தைப் பத்தாண்டுக்குப் பின் தேடும்போது, இந்த ஆண்டின் எண்ணை அந்தக் குப்பியிலிருந்துதான் எடுக்க முடியும். புளோரின் சேர்மங்களை நினைத்து வைப்பதானால் கண்ணாடி வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் குப்பி. மூடியில் டெஃப்லான் வளையம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.